நேபாளக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் திருகோணமலைக்குப் போன நாள்

கிளிவெட்டிச் சந்தியில் நாங்கள் ஓட்டோவில் ஏறியபோது காலை ஐந்தே முக்கால். ஜூலை மாதத்து வியாழக்கிழமை. கச்சான் காற்று விடியும் முன்பே தொடங்கிவிட்டது. வீதியோரத்துப் புழுதி எழும்பி எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. நாங்கள் என்றால் நானும் என் தங்கை சுகிர்தாவும். எனக்கு முப்பத்தொரு வயது, கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. அவளுக்கு இருபத்தொன்று.

கிளிவெட்டியிலிருந்து திருகோணமலை ஒரு பெரிய தூரம் அல்ல. எங்கள் ஊர் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கும் அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்கும் போய்ப் பின்னேரம் திரும்பிவிடுகிற தூரம்தான். அதைப் பயணம் என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனாலும் அன்றைக்கு நாங்கள் போன காரியத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து அதுவரை யாரும் போனதாக எனக்குத் தெரியாது. இனிப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் நேபாளத்தில் உள்ள ஓர் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சுகிர்தாவின் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மின் பொறியியல், நான்கு வருடப் படிப்பு. அவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தாள். இங்கே பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி சிறிய இடைவெளியில் தவறிவிட்டது. இரண்டாம் தரமும் தவறியது. கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் கட்டணம் கேட்டுவிட்டு, அந்தத் தாளை மடித்து நானே அலுமாரிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகுதான் வாழைச்சேனைப் பிள்ளை தர்ஷிகாவைப் பற்றித் தெரியவந்தது. அவள் காத்மண்டுவில் அந்த அரசாங்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் ஒதுக்குகிறார்கள், கட்டணம் கொழும்புக் கட்டணத்தில் மூன்றில் ஒன்றுகூட வராது என்று தொலைபேசியில் சொன்னாள்.

விண்ணப்பம் இணையத்தில்தான். அதோடு இணைக்க வேண்டியவை: பரீட்சைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, முதலாம் ஆண்டுக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் பணம் இருக்கிறது என்று வங்கி தரும் கடிதம். பரீட்சைச் சான்றிதழ் கொழும்பிலிருந்து தபாலில் வந்து சேர்ந்ததே முதல்நாள் புதன்கிழமை. மொழிபெயர்ப்பு திருகோணமலையில் கிடந்தது. பணத்தில் பாதிக்கு மேல் தோப்பூரில் கிடந்தது. ஆகவே முதலில் தோப்பூர்.

ஏழெட்டுக் கிலோமீற்றர், எழுநூறு ரூபாய். இரண்டு பக்கமும் சிறுபோக வேளாண்மை கதிர் தள்ளி நின்றது.

"விடியக் காலமை எங்க பிள்ளையள்?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"தோப்பூருக்குப் போய், அங்கயிருந்து ரவுணுக்கு."

"நல்ல விசயமோ?"

"ஓம், நல்ல விசயம்தான்" என்றாள் சுகிர்தா. அதற்கு மேல் நாங்கள் சொல்லவில்லை. நடக்காத காரியத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நிற்க ஏலாது.

தோப்பூரில் சலீம் நானா வீட்டு வாசலில் இறங்கியபோது ஆறு மணி ஐந்து நிமிடம். எங்கள் அம்மாவுக்குச் சீதனமாக வந்த மூன்று ஏக்கர் வயலை, வருகிற பெரும்போகத்தில் தொடங்கி ஆறு போகத்துக்கு, அதாவது மூன்று வருடத்துக்கு, அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். அப்பா இறந்து ஒன்பது வருடம். அந்த வயல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. குத்தகைக்குக் கொடுப்போம் என்று நான் சொன்னபோது அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குத்தகைப் பத்திரம் எழுதும் எழுத்துக்காரரிடம் போய்க் கையெழுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து குசினிக்குள் போனவர் அன்று முழுவதும் கதைக்கவில்லை. அவருக்கு இது சம்மதமா என்று எனக்கு அப்போதும் தெரியாது, அந்த வியாழக்கிழமையும் தெரியாது.

பேசிய தொகை ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். சலீம் நானா நான்கு லட்சத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"புள்ள, கோவிக்க வாணாம். மில்லுக்காரன் நேத்து தாறன் எண்டான், தரல்ல. மிச்சத்த நாளைக்குத் தந்துடுறன்."

நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் சுகிர்தா என் முகத்தைப் பார்த்தாள்.

"நானா, நாளைக்கு வந்தால் எங்களுக்கு அந்தக் காசால ஒரு பிரயோசனமும் இல்லை. இண்டைக்குப் பின்னேரம் அஞ்சு மணியோட முடியுது" என்றேன்.

அவர் உள்ளே திரும்பி மனைவியிடம், "இவங்களுக்கு ஏதும் குடிக்கக் குடு" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

நாங்கள் கதிரையில் உட்கார்ந்திருந்தோம். இஞ்சித் தேத்தண்ணி வந்தது, பிறகு இடியப்பமும் சொதியும் வந்தன. நானாவின் மனைவி சுகிர்தாவிடம், "அங்க பனி கொட்டுமாமே, என்னத்த உடுப்பீங்க?" என்று கேட்டார். சுகிர்தா அதை யோசித்திருக்கவேயில்லை. ஏழு மணியானது. ஏழரையானது. தோப்பூரிலிருந்து ஏழரைக்குப் போகும் பஸ்ஸின் கோர்ன் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. எட்டே கால் மணிக்குத்தான் நானா வந்து சேர்ந்தார். சேட்டு முழுவதும் உமித் தூசி.

"மில்லுல இருந்து அவன எழும்ப உடல்ல நான். எண்ணிப் பாத்துக்கங்க."

எண்ணினோம். சரியாக இருந்தது. நன்றி சொன்னபோது, "போங்க போங்க, பஸ்ஸ விட்டுடாதீங்க" என்று எங்களை வீதிவரை விரட்டினார்.

எட்டு நாற்பதுக்கு பஸ். திருகோணமலைக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர், இருவருக்கும் முந்நூற்று அறுபது ரூபாய். பணப்பையை நான் மடியில் வைத்து அதன்மேல் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டேன். மூதூரில் பஸ் நிறைந்தது. தயிர்ச் சட்டிகளைச் சாக்குப் பையில் அடுக்கிக்கொண்டு ஒரு அம்மா எங்களுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். ஆற்றைக் கடக்கும் கங்கைப் பாலத்தில் ஏறும்போது சட்டிகள் ஆடாமல் சுகிர்தாவும் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"கம்பசுக்கா போறீங்க மகள்?"

"விண்ணப்பம் போடப் போறன். நேபாளத்துக்கு."

"அது எங்க இருக்கு?"

"இந்தியாவுக்கு அங்கால. மலைநாடு."

"கடலே இல்லாத நாடா?"

"ஓம், கடல் இல்லை."

அந்த அம்மா அதை நம்பாதவர்போல என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்ப மீனுக்கு என்ன செய்வாங்க?" என்றார். சுகிர்தா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

உப்பாற்றைக் கடந்து கிண்ணியா. அங்கே பத்து நிமிடம் நின்றது. பிறகு கிண்ணியாப் பாலம். நீளமான அந்தப் பாலத்தில் போகும்போது இடமும் வலமும் தண்ணீர்தான். கச்சான் அடித்ததால் தண்ணீர் சுருக்கம் விழுந்த துணிபோலக் கிடந்தது. சீனன்குடா தாண்டி நகரத்துக்குள் இறங்கியபோது பத்து மணி முப்பத்தைந்து. பஸ் நிலையத்துக்கு அருகில், நகரத்துக்குள் திரியும் மான்களில் இரண்டு வாழைப்பழத் தோலுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் அறை நீதிமன்றப் பக்கம். ஐயா அறுபது வயதைத் தாண்டியவர். போன கிழமை கொடுத்த பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மாற்றி, முத்திரை குத்தி, உறையில் போட்டு வைத்திருந்தார். இரண்டாயிரம் ரூபாய் கட்டினோம். வெளியே வந்து படிக்கட்டில் நின்று சுகிர்தா அதை வாசித்தாள். அவளுடைய முகம் மாறியது.

"அக்கா, பேரைப் பாருங்கோ."

பரீட்சைச் சான்றிதழில் அவளுடைய பெயரின் 'கி'க்கு ஆங்கிலத்தில் 'ஜீ' எழுத்து. மொழிபெயர்ப்பில் 'கே' எழுத்து. தமிழில் சுகிர்தா என்பது சுகிர்தாதான். அந்த ஓர் எழுத்தால் இரண்டு தாள்களிலும் இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

திரும்பி உள்ளே போனோம். ஐயா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "நான் எழுதினது பிழையில்லை. தமிழ்ப் பேரை இப்படியும் எழுதலாம்" என்றார்.

"பிழையெண்டு சொல்லேல்லை ஐயா" என்றேன். "ஆனால் அங்க பாக்கிறவைக்குத் தமிழ் தெரியாது. இந்தச் சான்றிதழைப் போலத்தான் இதுவும் இருக்கவேணும்."

அவர் பரீட்சைச் சான்றிதழை வாங்கி இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்தார். வெளியில் மூன்று பேர் காத்திருந்தார்கள். "முதலே இதையும் தந்திருக்கவேணும் நீங்கள்" என்று முணுமுணுத்தார். அது சரிதான். ஆனால் முதலே தந்திருக்க அந்தச் சான்றிதழ் எங்களிடம் இருக்கவில்லை. அதைச் சொன்னதும் அவர் கணினியைத் திறந்து திருத்தி, புதிதாக அச்செடுத்து, முத்திரை குத்தினார். மறுபடி காசு வாங்கவில்லை. பதினொன்று நாற்பது.

வங்கியில் எங்கள் இலக்கம் எண்பத்துநான்கு. அப்போது அறுபத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. என் கணக்கில் ஏற்கெனவே இரண்டு லட்சத்து எழுபதாயிரம் இருந்தது. ஏழு வருடம் சேர்த்தது. ஒரு மணி பத்துக்குச் சலீம் நானாவின் பணத்தையும் அதில் போட்டேன். மொத்தம் எட்டு லட்சத்துப் பத்தாயிரம். கல்லூரி கேட்டது இலங்கைக் காசில் ஏறத்தாழ ஏழு லட்சத்து எண்பதாயிரம். அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது எனக்குப் பசி தெரிந்தது.

கடிதத்துக்கு வேறு மேசை. அங்கே என் வயதொத்த ஒரு பெண் உத்தியோகத்தர் இருந்தார். கோரிக்கையை எழுதி வாங்கிக்கொண்டு, "நாளைக்குப் பின்னேரம் வாங்கோ" என்றார்.

"மிஸ், இண்டைக்கு வேணும்."

"மனேஜர் கூட்டத்துக்குப் போயிட்டார். அவர் சைன் வைக்கவேணும். நான் ஒண்டும் செய்ய ஏலாது."

"அவர் எத்தனை மணிக்கு வருவார்?"

"தெரியாது."

"அப்ப இருக்கிறம்" என்று சொல்லி முன்னால் இருந்த கதிரைகளில் உட்கார்ந்தோம். கோபப்பட்டு ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. கோபப்பட்டால் எழும்பிப் போக வேண்டிவரும். எழும்பக்கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் என் மனதில் இருந்த ஒரே எண்ணம். அரை மணித்தியாலம் கழித்து அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் அங்கேயே இருந்தோம். இன்னும் கால் மணித்தியாலம் போனது.

"என்ன படிக்கப் போறா தங்கச்சி?" என்று கேட்டார்.

"மின் பொறியியல்" என்றாள் சுகிர்தா. "அங்க ஆறுகளில இருந்துதான் கரண்ட் எடுக்கினம். அதைப் படிக்கவேணும்."

அந்தப் பெண் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு எழும்பி உள்ளே போனார். கண்ணாடிக்கு அப்பால் இன்னோர் உத்தியோகத்தரோடு கதைப்பது தெரிந்தது. திரும்பி வந்து, "மனேஜர் இல்லாட்டி நாங்கள் ரெண்டு பேர் சேர்ந்து சைன் வைக்கலாம். ஆனால் கடிதத்தை நான் இனித்தான் அடிக்கவேணும். சாப்பிடேல்லைத்தானே? போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ" என்றார்.

நாங்கள் சாப்பிடப் போகவில்லை. இரண்டு ஐம்பதுக்குக் கடிதம் கைக்கு வந்தது. முதல் வேலையாக அதில் சுகிர்தாவின் பெயரைப் பார்த்தோம். 'ஜீ' எழுத்துத்தான்.

வங்கியிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு கொம்யூனிகேஷன் கடை. ஸ்கேன் செய்வது, போட்டோக் கொப்பி, இணையம் எல்லாம் அங்கே உண்டு. கடையை நடத்துபவர் ரிஸ்வானா என்ற பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றார். ஸ்கேன் ஒரு பக்கம் ஐம்பது ரூபாய். கணினிக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்தபோது மூன்று மணி பத்து. ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று ஆளுக்கொரு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். அவசரப்படாமல் ஒவ்வொரு பெட்டியாக நிரப்பினோம்.

விண்ணப்பக் கட்டணம் நேபாள ரூபாயில் மூவாயிரம். என்னுடைய வங்கி அட்டையை அந்த இணையப் பக்கம் ஏற்கவில்லை. மூன்று தரம் போட்டும் சரிவரவில்லை. தர்ஷிகாவுக்கு எழுதினோம். நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக அவளுடைய குரல் பதிவு வந்தது. சுகிர்தா அதைச் சத்தமாகப் போட்டாள்.

"அக்கா, காசை நான் இஞ்ச கட்டிப்போட்டன், கட்டின துண்டை அனுப்பியிருக்கிறன். பிறகு தந்தால் காணும். ஆனால் ஒண்டு சொல்லவேணும். உங்கட அஞ்சு மணியைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. இஞ்சத்த நேரம் கால் மணித்தியாலம் முந்தினது. உங்கட நாலே முக்காலுக்கு இஞ்ச பூட்டியிடுவாங்கள்."

கடைச் சுவர் மணிக்கூட்டில் நான்கு மணி. ஒரு மணித்தியாலம் என்று நினைத்தது முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. அதுவரை கணினியை எங்களிடம் விட்டிருந்த ரிஸ்வானா, குழந்தையை என் கையில் தந்துவிட்டுத் தானே சுகிர்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வங்கிக் கடிதத்தின் ஸ்கேன் அளவில் பெரிது என்று அந்தப் பக்கம் திருப்பி அனுப்பியது. அவர் அதைச் சிறிதாக்கினார். எழுத்து மங்கிவிட்டது. மறுபடி எடுத்தார். குழந்தை என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

கையெழுத்து வைத்து ஏற்றுவதற்காக ரிஸ்வானா அச்செடுத்துத் தந்த கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: படிப்புச் செலவுக்குப் பொறுப்பு நிற்பவர் யார்? சுகிர்தா என் பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் அக்கா. அதற்குக் கீழே, நான்கு வருடத்துக்கும் பொறுப்பு ஏற்கிறேன் என்ற வாசகம். அவளுடைய கை நின்றுவிட்டது.

"அக்கா, இது முதலாம் வருசக் காசுதானே. மிச்ச மூண்டு வருசத்துக்கும் என்ன செய்யிறது?"

மணி நான்கு இருபத்தெட்டு.

"அதுக்கு இனித்தான் வழி பாக்கவேணும். பாப்பன். நீ எழுது."

"உங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது."

"சுகி, எழுது."

அவள் எழுதினாள். நான் குழந்தையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு தாளில் கையெழுத்து வைத்தேன். ரிஸ்வானா அதை ஸ்கேன் செய்து ஏற்றினார். நான்கு முப்பத்தொன்பதுக்கு, விண்ணப்பம் கிடைத்தது என்ற பச்சை எழுத்துத் திரையில் வந்தது. மூன்று பேரும் அதை ஒருவர் மாறி ஒருவர் வாசித்தோம். ரிஸ்வானா ஸ்கேனுக்கு மட்டும் காசு எடுத்தார். நாற்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு எடுக்கவில்லை.

கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உட்துறைமுகப் பக்கம் நடந்தோம். சரக்குக் கப்பல் ஒன்று தூரத்தில் அசையாமல் நின்றது. ஐஸ்கிரீம் வாங்கினோம். அதுவும் கச்சான் காற்றின் சூட்டில் பாதி உருகி வழிந்தது. ஆறு மணி பஸ்ஸில் சுகிர்தா என் தோளில் சாய்ந்து கிண்ணியாவுக்கு முன்பே தூங்கிவிட்டாள்.

மூன்று கிழமை கழித்துக் கல்லூரியிலிருந்து காணொளி நேர்முகம். அதற்கும் ரிஸ்வானாவின் கடைக்குத்தான் போனோம். முதற் பட்டியலில் அவளுடைய பெயர் இல்லை. அந்தக் கிழமை எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேரே பார்க்கவில்லை. இரண்டாவது பட்டியலில் பெயர் வந்தது.

அவள் புறப்பட்டது ஒரு திங்கட்கிழமைக் காலை. கொழும்புக்குப் போக வாடகைக்கு வானொன்று பேசியிருந்தோம். தர்ஷிகாவும் விடுமுறை முடிந்து அதே விமானத்தில் திரும்புவதால் எனக்கு நெஞ்சுக்குள் கொஞ்சம் ஆறுதல். அயலாட்கள் வந்து நின்றார்கள். கவனமாய் இரு, வேளைக்குச் சாப்பிடு, அடிக்கடி போன் எடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுகிர்தா குனிந்து காலைத் தொட்டாள்.

"அம்மா, ஏலாமல் போனால் நான் வந்திடுவன். நீங்கள் யோசியாதேங்கோ."

அம்மா பெட்டியை வானுக்குள் தள்ளினார். அப்புறம்தான் அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"முடிக்காமல் வந்திடாதை பிள்ளை. வயலை நான் அதுக்குத்தான் குடுத்தனான்."

அந்த நான்கு மாதத்தில் வயலைப் பற்றி அம்மா வாய் திறந்தது அந்த ஒரு தரம்தான். வான் கிளிவெட்டிச் சந்தியில் திரும்பும்வரை அவர் வீதியில் நின்றார். பிறகு வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, "நீ கடைக்குப் பிந்தப்போறாய்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாம் ஆண்டுக் காசு இன்னும் எங்கள் கையில் இல்லை. அம்மாவும் நானும் அதற்குத்தான் இப்போது உழைத்துக்கொண்டிருக்கிறோம்.